முழக்கத்துக்கு முன்னால் ஓடியவன்

நாங்கல் பேட்
9 அக்டோபர் 1974

மரியாதைக்குரிய வீர்ஜிக்கு,

இங்கே நானும் பாபு ஜியும் எருமைகளும் குருவின் அருளில் நலம். நீங்களும் தளராத மனத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் முதல் கடிதம் நாங்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. தபால்காரர் வரப்பில் நின்றபடியே "நிர்வைர் சிங், ராணுவ விளையாட்டு முகாம்" என்று அனுப்புநர் பெயரை உரக்கப் படித்தார். அக்கம்பக்கத்து வயல்களில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பாபு ஜி மட்டும் நிமிரவில்லை.

சாயங்காலம் அவர் தொழுவத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கு எவனும் கடுதாசி போடல" என்றார். நான் திரும்பி நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பூரிக்கு வேணும்னா வாசிச்சுக் காட்டு. உன் அண்ணன் போனதுலேருந்து அவதான் பாலைக் குறைச்சுட்டா" என்றார்.

அதனால் உங்கள் கடிதத்தை அந்த எருமைக்குத்தான் வாசித்தேன். அவள் அசைபோட்டுக்கொண்டே கேட்டாள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற இடம் வந்தபோது கயிறு திரிக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

வீர்ஜி, பாபு ஜியின் கோபம் குறைந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் குறையவில்லை. போன வருஷம் வைசாகித் திருநாளன்று பாதிக் கோதுமை வயலில் நிற்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல் நீங்கள் ஆள் சேர்ப்பு முகாமுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் அரிவாள் கோதுமைத் தாளுக்குள் குத்தி நின்றதாம். அதை எடுத்துவந்து சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். என்னைத் தொட விடுவதில்லை. அறுவடையை விட்டு ஓடிய மகன் இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது என்று அன்று சொன்னதை இன்னும் மாற்றவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் நடந்த ஊர்த் திருவிழா மேளாவிலும் ஓட்டப் பந்தயக் கோட்டருகே பாபு ஜிதான் நின்றார். வழக்கம்போல அவர் "போலே ஸோ நிஹால்" என்று ஆண்டவனை வாழ்த்தி முழங்க, ஊரெல்லாம் "சத் ஸ்ரீ அகால்" என்று பதில் முழங்க, அந்தப் பதிலோடு பையன்கள் பாய்ந்தார்கள். பரிசு நெய் டின்னை ஊர்த்தலைவர் நம்பர்தார் வீட்டுப் பையன் வாங்கினான். அவன் ஓடியதைப் பார்த்துவிட்டு பாபு ஜி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே காலையில் தலைப்பாகை கட்டும்போது துணியின் மறு நுனியை யார் பிடிக்கிறார்கள்? நான் பிடித்தால் சரியாக இழுப்பதில்லை என்று திட்டுவீர்களே.

பின்னி உருண்டை அனுப்பியிருக்கிறேன். நெய் கொஞ்சம் கூடிவிட்டது.

உங்கள் தங்கை,
பசந்த்


விளையாட்டு முகாம்
27 அக்டோபர் 1974

சிட்டு,

பின்னி டின் வந்து சேர்ந்தது. டின் மட்டும் என்று எழுதுவதுதான் சரி. நான் மைதானத்திலிருந்து வருவதற்குள் பாரக்கில் இருக்கும் படுபாவிகள் துடைத்து வைத்திருந்தார்கள். ஒருத்தன் வந்து, "உன் தங்கச்சிகிட்ட நெய் குறைவுன்னு எழுதுடா" என்கிறான். நெய் கூடிவிட்டது என்று நீ எழுதியிருந்ததைக் காட்டினேன். கடிதத்தையும் முகர்ந்து பார்த்தார்கள்.

உன் கேள்விக்குப் பதில்: துணியின் மறு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டுகிறேன். கம்பி உன்னைவிட நன்றாகத்தான் பிடிக்கிறது, தூங்கி விழுவதில்லை. ஆனால் அதனிடம் ஊர்க்கதை கேட்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராணுவப் போட்டியில் உன் அண்ணன் முதலாவதாக வந்துவிட்டான். இரண்டாவதாக வந்தவன் என் பின்னந்தலையில் பட்காத் துணி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். இங்கே ஓட்டம் வேறு மாதிரி. ஆணி வைத்த செருப்பு. காலை முட்டுக்கொடுக்க ஒரு கட்டை. கை தரையில், இடுப்பு மேலே, அப்புறம் துப்பாக்கி வெடிக்கும். பார்க்க வந்த அதிகாரிகள் கைதட்டுவதுகூட விரல் நுனியால்தான். நம் மேளாவின் கூச்சலில் ஓடியவனுக்கு இது ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடுவது போலிருந்தது.

எங்கள் பயிற்சியாளர் சுபேதார் குருங், மலைக்காரர், என் தோளுக்குத்தான் வருவார். ஆனால் அவர் விசிலுக்கு முகாமே நடுங்கும். "கட்டையிலேருந்து இவ்வளவு வேகமா எந்திரிக்க உன்னை யாருடா பழக்குனது?" என்று ஒரு நாள் கேட்டார். என் அப்பா என்றேன்.

டிசம்பர் கடைசியில் பூனாவில் தேசியப் போட்டி. அங்கே பதக்கம் வாங்கினால் முகாமில் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு படைப்பிரிவுக்குத் திரும்பி, காவலுக்கு நிற்க வேண்டும். அதோடு ஓட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டு, பதக்கத்தோடு ஊருக்கு வந்து வாசலுக்கு வெளியே நிற்கிறேன். அப்போது உள்ளே கூப்பிடுவாரா மாட்டாரா பார்ப்போம்.

பூரிக்குத் தனியாக ஒரு செய்தி. பூரி, நான் அறுவடைக்குப் பயந்து ஓடவில்லை. கேட்டால் விட மாட்டாய் என்று தெரிந்துதான் கேட்காமல் போனேன். கோபம் இருந்தால் கொம்பால் முட்டு, பாலைக் குறைக்காதே.

உன் வீர்,
நிர்வைர்


நாங்கல் பேட்
14 ஜனவரி 1975

மரியாதைக்குரிய வீர்ஜிக்கு,

இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இது மூன்றாவது.

பூனா செய்தியை மெஹங்கா சிங் சாச்சாவின் டிரக்கில் இருக்கும் ரேடியோவில்தான் கேட்டோம். நூறு மீட்டர் இறுதியில் நிர்வைர் சிங் இரண்டு தடவை துப்பாக்கிக்கு முன்பே பாய்ந்துவிட்டதால் நீக்கப்பட்டார் என்று சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பயந்துவிட்டீர்கள் என்று பிஷன் கௌர் சாச்சி கிணற்றடியில் என் காது படவே சொன்னார். "பெரிய ஊரு, பெரிய கூட்டம், புள்ளைக்கு வயித்தக் கலக்கியிருக்கும்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் தொண்டை உங்களுக்குத் தெரியுமே. குருத்வாராவில் என்னைப் பாடச் சொன்ன அன்று என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? அதே மாதிரிதான், குரல் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாபு ஜியிடம் மெஹங்கா சாச்சா ஆறுதலாக ஏதோ பேச வந்தபோது, "வண்டிக்கு டயர் மாத்தணும்னு சொன்னியே, மாத்திட்டியா?" என்று கேட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. மக்காச்சோள ரொட்டியை நாய்க்குப் போட்டார்.

நீங்கள் பயப்படவில்லை என்று எனக்குத் தெரியும். சட்லெஜில் வெள்ளம் வந்தபோது நீந்திப் போய்க் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்தவர் நீங்கள். என்ன நடந்தது என்று எனக்காவது எழுதுங்கள். முகாமில் இருக்கிறீர்களா, அனுப்பிவிட்டார்களா என்றுகூடத் தெரியாமல் பழைய முகவரிக்கே எழுதுகிறேன்.

பசந்த்


விளையாட்டு முகாம்
6 பிப்ரவரி 1975

சிட்டு,

முகாமில்தான் இருக்கிறேன். குருங் போய் யாரிடமோ மன்றாடி எனக்கு ஒரு வருஷம் வாங்கித் தந்திருக்கிறார். அடுத்த தேசியப் போட்டியிலும் இப்படி ஆனால், "நானே உன் பெட்டியத் தூக்கிட்டு வந்து ரயிலேத்தி விடுவேன்" என்றும் சொல்லியிருக்கிறார்.

இதற்குக் கீழே நான் எழுதுவதையும் அடுத்த பக்கத்தையும் பூரிக்கு வாசிக்காதே. உனக்கு மட்டும்.

பூனாவில் எங்கள் சீக்கியப் படைப்பிரிவின் ஒரு பகுதி இருக்கிறது. நம்மாள் ஒருவன் இறுதிக்கு வந்திருக்கிறான் என்றதும் மொத்தப் பேரும் சீருடையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கட்டையில் காலை வைத்தேன். கை கோட்டில். இடுப்பைத் தூக்கினேன். உலகத்தில் அந்த ஓடுபாதையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது கூட்டத்தில் யாரோ ஒருவன் எனக்கு உற்சாகம் தருவதற்காக முழங்கினான். போலே ஸோ நிஹால். எல்லாரும் சேர்ந்து பதில் முழங்கினார்கள்.

நான் ஓடிவிட்டேன், சிட்டு.

பாதி தூரம் போன பிறகுதான் தனியாக ஓடுகிறேன் என்று தெரிந்தது. வெட்கத்தோடு திரும்பி வந்தேன். பாவம், ஜவான்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? பையன் பதறுகிறான், இன்னும் கொஞ்சம் தைரியம் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை இன்னும் பலமாக முழங்கினார்கள். நான் மறுபடியும் ஓடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். என் காலுக்கு அது ஜவான்களின் குரல் இல்லை. பாபு ஜியின் குரல்.

பால்பல் விழுந்த வயதிலிருந்து அவர் முழங்கினால் ஓடுவதுதானே எனக்குத் தெரியும்.

முகாமுக்கு வந்த பிறகு குருங்கிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாரக் பையன்களை வரிசையாக நிற்க வைத்து, நான் கட்டையில் இருக்கும்போது முழங்கச் சொன்னார். முழங்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் கால் போகிறது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தோம், துப்பாக்கியும் கேட்கவில்லை. எல்லாரும் ஓடி முடித்த பிறகு நான் மட்டும் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வாயை மூடுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டுவிடலாமே என்று நீ நினைப்பாய். ஆண்டவனின் பெயரைச் சொல்லாதீர்கள், எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எந்த வாயால் கேட்பேன்?

பாபு ஜிக்கு இது தெரியக் கூடாது. தன்னால்தான் தோற்றான் என்று நினைத்துக்கொள்வார். என் மேல் கோபமாகவே இருக்கட்டும். அது அவருக்கு எளிது.

நிர்வைர்


நாங்கல் பேட்
2 ஏப்ரல் 1975

மரியாதைக்குரிய வீர்ஜிக்கு,

முதலில் திட்டிவிடுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் வாசிக்காதே என்று சொன்ன பகுதியை நான் வாசிக்கவில்லை. குருங் ரயிலேற்றுவார் என்பது வரை வாசித்துவிட்டு மடித்தேன். பாபு ஜி கயிற்றைக் கீழே வைக்காமலே, "பூரி ஒரு பக்கம் குறையுதுங்கிறா" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "உங்கம்மா மாதிரியே உனக்கும் பொய் சொன்னா காது செவக்குது" என்றார்.

நான் வாசித்தேன், வீர்ஜி. எல்லாவற்றையும் வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கையிலிருந்த கயிறு முறுக்கெல்லாம் பிரிந்து கிடந்தது. அவர் எழுந்து போய்ப் பூரிக்குத் தண்ணீர் காட்டினார். அவள் அப்போதுதான் குடித்திருந்தாள்.

போன வாரம் மேளா. பாபு ஜி கோட்டருகே போய் நின்றார். பையன்கள் குனிந்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உயரத் தூக்கி, சட்டென்று கீழே போட்டார்.

ஒருத்தனும் ஓடவில்லை.

துண்டு தரையில் கிடக்கிறது, பையன்கள் எல்லாரும் குனிந்தபடியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. மெஹங்கா சாச்சா, "வரியாம் சிங், பல்லு கட்டுனது கழண்டு விழுந்திருச்சா?" என்று கத்தினார். பாபு ஜி துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். மறுபடியும் யாரும் அசையவில்லை. மூன்றாவது தடவை நம்பர்தார் பையன் மட்டும் சந்தேகத்தோடு இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று திரும்பிப் பார்த்தான்.

கடைசியில் அவர் முழங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. எல்லாரும் அம்பு மாதிரி போனார்கள். பாபு ஜி அவர்களைப் பார்க்கவில்லை. கையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "அவன் கால்ல போட்ட முடிச்சு இது. போட்டவனுக்கு அவுக்கத் தெரியாதா?"

அவன் என்று சொன்னார், வீர்ஜி. இரண்டு வருஷத்தில் உங்களைப் பற்றி என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான்.

பசந்த்


விளையாட்டு முகாம்
21 செப்டம்பர் 1975

சிட்டு,

உன்னைத் திட்டிவிட்டேன், அது ஆறு மாதத்துக்கு முன்னால். இப்போது அவசர விஷயம்.

தேசியப் போட்டி எங்கே என்று முடிவாகிவிட்டது. பாட்டியாலாவில். நவம்பரில். சென்னையில் வைத்திருக்கக் கூடாதா, கல்கத்தாவில் வைத்திருக்கக் கூடாதா? நம் வீட்டு முற்றத்திலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

எட்டு மாதமாக குருங் என்னை வறுத்து எடுத்துவிட்டார். பாரக் பையன்கள் முழங்கினால் இப்போது கால் நிற்கிறது. பத்துக்கு எட்டுத் தடவை நிற்கிறது. ஆனால் போன வாரம் சமையற்கூடத்துக்குக் கோதுமை ஏற்றி வந்த கிழவர், நம் ஆற்றுப்பக்கத்து ஆள், பாபு ஜி மாதிரியே குரல், சும்மா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு முழங்கினார். நான் கையில் இருந்த தட்டோடு ஓடினேன். பருப்பெல்லாம் ஒரு ஹவில்தார் மேல்.

அதனால் கேட்கிறேன், வராதீர்கள். மெஹங்கா சாச்சா டிரக் பிடித்து ஊரையே ஏற்றிக்கொண்டு வரத் திட்டம் போடுவார் என்று எனக்குத் தெரியும். தடுத்துவிடு. இது எனக்குக் கடைசி வாய்ப்பு. ஓடித் தோற்றால் பரவாயில்லை. ஓடாமலேயே தோற்பதை இன்னொரு முறை தாங்க மாட்டேன்.

பாபு ஜி வர மாட்டார் என்பது மட்டும்தான் என் ஒரே தைரியம். இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று அழுகையும் வருகிறது.

நிர்வைர்


நாங்கல் பேட்
30 அக்டோபர் 1975

மரியாதைக்குரிய வீர்ஜிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். "பூரி பாட்டியாலா போறேங்கிறா. தனியா விட முடியுமா, நான் துணைக்குப் போறேன்" என்றார் பாபு ஜி. வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறதே என்றேன். "அவகிட்ட சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டா" என்றார்.

மூன்று டிரக் வருகிறது. மன்னியுங்கள். என்னால் தடுக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது பாபு ஜி போய் நடுவில் நின்றார். பாட்டியாலாவில் துப்பாக்கி வெடிக்கும் வரைக்கும் நம் ஊர்க்காரர் யாரும் முழங்கக் கூடாது என்றார். சலசலப்பாகிவிட்டது. மெஹங்கா சாச்சா, வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்குத் தன் டிரக் எதற்கு, இழவு வீட்டுக்குப் போகலாமே என்றார். குருத்வாராவில் கிரந்தம் ஓதும் கிரந்தி பாபாவும், ஆண்டவன் பெயருக்கு நேரம் குறிக்கும் அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டார். நீங்கள் பயந்தது அதைத்தானே.

பாபு ஜி சொன்னார்: "ஆண்டவன் பேரை முன்னாடியும் சொல்லலாம், பின்னாடியும் சொல்லலாம், பாபா ஜி. இத்தனை வருஷம் அவன் ஓடுறதுக்கு முன்னாடி நான் சொன்னேன். இந்த ஒரு தடவை ஓடி முடிச்சதும் சொல்றேன். அவருக்குக் காது கேக்காமப் போயிருமா?"

கிரந்தி பாபா தாடியைத் தடவினார். பிறகு முதல் ஆளாகத் தன் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

நம்பி ஓடுங்கள், வீர்ஜி. நானும் வருகிறேன். இவ்வளவு பெரிய கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பிஷன் கௌர் சாச்சியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வதாக இருக்கிறேன்.

பசந்த்


விளையாட்டு முகாம்
24 நவம்பர் 1975

சிட்டு! சிட்டு!

தங்கத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். காலையில் கன்னத்தில் வட்டமாக அச்சு. குருங் அதைப் பார்த்துவிட்டு, தண்டனையாக மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் கூடவே ஓடி வந்தார்.

நூறு மீட்டரில் இந்த நாட்டில் எனக்கு முன்னால் ஆள் இல்லை. இதை எழுதிப் பார்க்கவே கை துள்ளுகிறது. இனி யாரும் என்னைக் காவலுக்கு அனுப்ப முடியாது. அடுத்த வருஷம் வெளிநாடு என்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு உன்னோடு பேச நேரமே கிடைக்கவில்லை. பதக்கம், போட்டோ, அதிகாரிகள், அப்புறம் முகாம் பேருந்து. அதனால் கேட்கிறேன். எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை.

கட்டையில் குனிந்தேன். இடுப்பைத் தூக்கினேன். எங்கோ தூரத்து மூலையில் ஒரு குரல் "போலே ஸோ" என்று ஆரம்பித்தது. பாதிதான். என் கால் போய்விட்டது. முதல் தப்பு. திரும்பி வரும்போது பெட்டி, ரயில், காவல் எல்லாம் கண்ணில் ஓடியது. மறுபடி குனிந்தேன். இந்தத் தடவை முழுசாக வரும் என்று உடம்பெல்லாம் காத்திருந்தது. வரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு தும்மல் இல்லை. கொடிக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு துப்பாக்கி.

ஓடியது நினைவில்லை. நாடா நெஞ்சில் பட்டது நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் முழக்கம் வந்தது. அது பாபு ஜியின் குரல் இல்லை. ஒரு பெண் குரல். மெல்லியதாக, கிழிந்து போய், தனியாக வந்தது. பிறகு அரங்கமே பதில் சொன்னது. நான் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். யார் அது?

பரிசு மேடைக்கு முன் தலைப்பாகை கட்டக் கூடாரத்துக்குள் போனேன். துணியை உதறிவிட்டு, கட்டுவதற்குக் கம்பி தேடினேன். பின்னால் யாரோ மறு நுனியை எடுத்தார்கள். பாபு ஜி. துணி விறைப்பாகும் வரை பின்னாலேயே நடந்து போனார். நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. மடித்துக்கொண்டே கிட்டே வந்தோம். "தூக்கிப் புடி. தரையில படுது" என்றார்.

கடைசியில் அடக்க முடியாமல் நான்தான் கேட்டேன். எப்படி ஓடினேன், பார்த்தீர்களா என்று. "தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். உன் தங்கச்சியக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் திரும்பி நின்றார்? இன்னும் கோபமா? உடனே எழுது.

நிர்வைர்


நாங்கல் பேட்
3 டிசம்பர் 1975

மரியாதைக்குரிய வீர்ஜிக்கு,

கோபம் இல்லை. சொல்கிறேன்.

அன்று நம் ஊர் ஆண்கள் ஒன்றாக உட்காரவில்லை. பாபு ஜி அவர்களைப் படியெல்லாம் பிரித்து உட்காரவைத்தார். ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றி இருப்பவர்களிடம் கெஞ்ச வேண்டும். மெஹங்கா சாச்சா பக்கத்தில் இருந்த லூதியானாக்காரரிடம், "வாயத் தொறந்தீங்கன்னா என் தலைப்பாகைய உங்க வாயில அடைப்பேன், அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தூரத்து மூலைக்கு ஆள் போதவில்லை. அந்தக் குரல் அங்கிருந்துதான் வந்தது.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தீர்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம், பையனுக்குத் தைரியம் கொடுங்கள் என்று எழுந்தார்கள். பூனாவில் நடந்ததேதான் நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாபு ஜி வேலியைத் தாண்டிக் குதித்தார். காவலர் பிடிக்க வந்தார். பாபு ஜி அவரைப் பார்க்கவே இல்லை. ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

வீர்ஜி, நிலத் தகராறில் பட்வாரி அதிகாரி முன்னால்கூடக் கை கூப்பாதவர். அம்மாவைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னபோதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர். அந்த ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்து, கையைக் கூப்பிக்கொண்டு மெல்லத் திரும்பினார். இந்தப் படி, அந்தப் படி, அந்த மூலை. வாய் திறக்கவில்லை. என்ன கேட்கிறார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படியாக அடங்கியது. காவலரும் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

துப்பாக்கி வெடித்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் கூட்டம் எழுந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நீங்கள் ஓடியதை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு நான் சிரித்தேன். அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

முழங்குவதற்காகக் கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். அப்போதும் வரவில்லை. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேளாவில் துண்டு விழுந்தபோது பையன்கள் பார்த்த மாதிரி. அவர் ஆரம்பிக்காமல் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். நீங்கள் ஜெயித்துவிட்டு அங்கே தனியாக நிற்கிறீர்கள், இங்கே நம் ஜனங்கள் ஊமையாக நிற்கிறார்கள்.

அவர் என்னைப் பார்த்தார்.

சாச்சியின் துப்பட்டாவை விட்டது எனக்கு நினைவில்லை. பெஞ்சு மேல் ஏறியதும் நினைவில்லை. "போலே ஸோ நிஹால்" என்று யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று, மொத்த அரங்கமும் பதில் சொல்லி என் நெஞ்சில் வந்து மோதிய பிறகுதான் தெரிந்தது.

டிரக்கில் வரும்போது மெஹங்கா சாச்சா இனி மேளாவில் பந்தயத்தை ஆரம்பித்து வைக்க என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்றார். நான் துப்பட்டாவுக்குள் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பாபு ஜி உங்கள் அரிவாளைச் சுவரிலிருந்து எடுத்துக் கூர் தீட்டக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோனார். வைசாகிக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார்.

நேற்று உங்கள் கடிதம் வந்ததும் வழக்கம்போலத் தொழுவத்துக்கு எடுத்துப் போனேன். பூரி பக்கம் திரும்பி நின்று பிரித்தேன். பாபு ஜி கயிற்றுக் கட்டிலை எனக்கும் அவளுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாத்து வாசி. இது எனக்கு வந்த கடுதாசி. அவ வேணும்னா பின்னாடி நின்னு கேட்டுக்கட்டும்."

உங்கள் தங்கை,
பசந்த்